எட்டுக் குழிப் பெட்டி

நிறைவுக் கடிதத்தை நோயாளியின் கையில் கொடுப்பது மருந்தாளுநரின் வேலை என்று யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ குளிர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார். டாக்டர் கொடுத்தால் நோயாளி அழுவாராம், கேள்வி கேட்பாராம், வரிசையில் இருப்பவர்களுக்கு நேரமாகிவிடுமாம். மருந்து வாங்கும் ஜன்னலில் கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். எரிச்சல் என்னவென்றால், அந்த ஆள் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது. நான்கு வருடத்தில் நாற்பத்தொரு கடிதம் கொடுத்திருக்கிறேன். நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பாதிப் பேர் எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாற்பத்திரண்டாவது ஆள் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர், ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருடம் போர்வெல் ரிக்கில் லீவர் பிடித்தவர். ரிக்குகள் ஆளில்லாமல் தாமாக ஓட ஆரம்பித்ததும் வேலை போனது. நுரையீரலுக்குள் போன பாறைத்தூள் மட்டும் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மனைவி பூங்கொடியோடு என் ஜன்னலுக்கு வந்தார். கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ‘தங்களது சிகிச்சைப் பயணம் நிறைவுற்றது. இதுவரை எங்களோடு பயணித்தமைக்கு நன்றி’ என்று பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அடிப்பதுபோல் ஒரு வாசகம். கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று போட்டு ஒரு கோடு. படித்து முடித்து, இரண்டாக மடித்து, என் பக்கமே தள்ளினார்.

“இது எனக்கு வந்ததில்லீங்க, அம்மிணி.”

“உங்க பேருதாங்க போட்டிருக்கு.”

“பேரு என்னுதுதான். நிறுத்தச் சொல்லி நான் யாருகிட்டயும் சொல்லலையே. அப்பறம் நிறுத்தினது யாரு?”

“நெறி சொல்லியிருக்குங்க,” என்றேன். சொல்லும்போதே எனக்கு அசட்டுத்தனமாகப் பட்டது.

“மெஷினா?” அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “போரு போடறப்ப, நிறுத்துன்னு சொல்ல ரிக்கு வண்டிக்குப் பாத்தியதை கிடையாதுங்க. ரிக்கு ஓட்டறவனுக்கும் கிடையாது. இதுக்குக் கீழ தண்ணி இருக்காதாட்டம் இருக்குதுன்னு நாங்க சொல்லலாம். நிறுத்துன்னு தோட்டத்துக்காரருதான் சொல்லோணும். அவரு பூமி. இதென்ன,” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார், “எவன் பூமி?”

பேனாவைத் தொடவே இல்லை. பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

நெறி என்பது எங்கள் மருத்துவமனையில் மருந்து வகுத்துக்கொடுக்கும் இயந்திர அறிவு. ஒரு காலத்தில் முற்றிய நுரையீரல் புற்றுக்கு எல்லோருக்கும் ஒரே மருந்தை ஏற்றினார்கள். பிறகு கட்டியின் மரபணுப் பிழையைப் பார்த்து அதற்கேற்ற மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று ஒன்றரை வருடத்தில் கட்டி அந்த மாத்திரைக்குப் பழகி, வேறு பிழையை உண்டாக்கிக்கொண்டு மறுபடி வளரும். எங்கள் காலத்துக் கெட்டிக்காரத்தனம், மருந்தும் கூடவே மாறுவது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுப்போம். அதில் மிதக்கும் கட்டியின் துணுக்குகளை நெறி படித்துப் பார்க்கும். கட்டி மாறியிருந்தால் புது மருந்தை அதுவே வடிவமைக்கும். நான் கலந்து ஒரு குப்பியில் நிரப்புவேன். கட்டி அடுத்து மாறும்வரை அந்தக் குப்பிதான். அதை ஒரு ரவுண்டு என்போம்.

இரண்டரை வருடத்துக்கு முன், முதல் ரவுண்டில், இதையெல்லாம் அவருக்கு விளக்க நான் வாய் திறந்தேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

“மேல வர்ற தூளப் பாத்து, கீழ என்ன பாறைன்னு கண்டுபிடிக்கறீங்க. அதுக்குத் தக்கன தொளைக்கற பிட்டு மாத்தறீங்க. அவ்வளவுதானுங்களே?”

அவ்வளவுதான். ஆறு மாதப் பயிற்சி வகுப்பில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை. ரிக் வேலையில் துளைக்குள் ஒவ்வொரு ராடுக் குழாயும் இறங்கியதும் வெளியே வரும் தூளில் ஒரு பிடி எடுத்து வரிசையாகக் குவித்து வைப்பார்களாம். எத்தனை ராடு இறங்கியிருக்கிறது, எந்த ஆழத்தில் பாறை நிறம் மாறியது என்று அந்தக் குவியல்களே சொல்லும். அதே பழக்கத்தில் ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் காலிக் குப்பியைக் கேட்டு வாங்கிப் போவார். கொடுக்கக் கூடாது என்று விதி. நான் கொடுப்பேன். வீட்டு ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்திருக்கிறார் என்று பூங்கொடி அக்கா ஒருமுறை சலித்துக்கொண்டார்.

கையெழுத்தாகாத கடிதத்தை நானே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அதனால் அன்று மூவருமாக டாக்டர் இளம்பரிதியின் அறைக்குப் போனோம். நல்ல மனிதர். ஒரு நாளைக்கு எழுபது பேரைப் பார்த்துப் பார்த்து, நல்லவராக இருப்பதற்கே நேரம் கிடைக்காமல் போனவர்.

“ஐயா, எட்டு மருந்து குடுத்தாச்சு. எட்டாவதும் கட்டிக்குப் பழகிடுச்சு. ஒன்பதாவது குடுத்தா பலன் இருக்குமான்னு பாத்தேன். நெறி பூஜ்யம்னு சொல்லுது.”

“நூத்துக்குப் பூஜ்யமுங்களா?”

“ஆமாங்க.”

“எந்த நூறு பேருங்க?”

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

“இல்லீங்க, நூறு பேருக்கு ஒம்பதாவது குடுத்துப் பாத்து, ஒருத்தரும் தேறலைன்னா அது பூஜ்யம். அந்த நூறு பேரு யாருன்னு கேக்கறேன்.”

டாக்டர் திரையின் பக்கம் திரும்பினார். எதையோ தட்டினார், மறுபடி தட்டினார். கடைசியில் சொன்னார்: “ஒன்பதாவது இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்லை.”

“குடுக்காததுக்குத்தான் பூஜ்யமா? நெம்ப நாயமா இருக்குதுங்களே!”

“நீங்க சித்த கம்முனு இருங்க,” என்றார் பூங்கொடி அக்கா. அவர் இருக்கவில்லை.

“டாக்டருங்க, காங்கேயத்துக்கு அக்கட்ட கரட்டுப்பாளையம்னு ஒரு ஊரு. அறுநூறு அடிக்குக் கீழ அங்க தண்ணியே கிடையாதுன்னு ஊரே சத்தியம் பண்ணும். அப்படியே எழுதி ஆபீஸ்ல படம் வரைஞ்சு வச்சிருந்தாங்க. நாங்க போனப்ப நான் கேட்டேன், எத்தன பேரு அறுநூறத் தாண்டிப் போட்டுப் பாத்தீங்கன்னு. ஒருத்தருமில்ல. ஏன்னா, அந்தக் காலத்து வண்டி முப்பது ராடுதான் ஏத்தும். ஒரு ராடு இருபதடி. ராடு தீந்த எடத்துல தண்ணியும் தீந்துபோச்சுன்னு எழுதி வச்சுட்டாங்க.”

“அப்பறம்?” என்றேன் நான், என் இடத்தை மறந்து.

“இன்னொரு வண்டியில ராடு ஏத்தி வரச் சொன்னேன். எழுநூத்திப்பத்துல வந்துச்சு. அரை இன்ச்சுத் தண்ணி. தென்னைக்குப் பத்தாது. குடிக்கப் பத்துச்சு.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அது பூமிங்க. இது உடம்பு. எட்டு மருந்தும் உங்க ஈரல் வழியாப் போயிருக்கு. ஒன்பதாவது உங்கள இன்னும் சீக்கிரமா கொண்டுபோயிடலாம்.”

“நிறுத்திப்போட்டா?”

“மூணு மாசம். நாலு இருக்கலாம்.”

“அப்ப ரண்டு பக்கமும் நட்டம் என்னுது. முடிவு மட்டும் ஏனுங்க உங்களது?” அவர் எழுந்துகொண்டார். “எனக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. உங்க ராடு ஏன் எட்டுல நிக்குது?”

அன்று மதியம் முழுக்க எனக்கு அதே கேள்விதான். ஏன் எட்டு? நான்கு வருடமாக நானும் கேட்கவில்லையே. எட்டு என்பதை ஏதோ விஞ்ஞானம் என்று நினைத்திருந்தேன்.

குளிர் அறைக்குப் போய் அவருடைய பெட்டியை எடுத்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே தெர்மாகோல் தட்டு. தட்டில் குப்பி உட்காரும் குழிகள். எண்ணிப் பார்த்தேன். எண்ண வேண்டிய அவசியமே இல்லை, தினமும் கையில் எடுக்கும் பெட்டிதான். மேல் வரிசையில் நான்கு, கீழ் வரிசையில் நான்கு. நெறியின் மருந்துப் பட்டியலைத் திறந்தேன். எட்டு வரிகள். ஒன்பதாவது வரி இல்லை.

நெறியைச் செய்த நிறுவனத்தின் உதவி மையத்துக்குப் போன் போட்டேன். மூன்று நாள் விடாமல் போட்டேன். நான்காவது நாள், பழைய கோப்புகளைத் தோண்டிய ஒரு பெண் சங்கடத்தோடு பேசினாள்.

“மேடம், முதல் பரிசோதனை பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. அப்ப வேற ஒரு தடுப்பூசிக்கு வாங்கின குளிர்ப்பெட்டி நிறைய மிச்சம் இருந்திருக்கு. அதுல எட்டுக் குழி. ஆளுக்கு ஒரு பெட்டின்னு ஒதுக்கினாங்க. பெட்டி முடிஞ்சதும் ஃபைல மூடிட்டாங்க.”

“மூடினப்ப அந்த நோயாளிங்க உயிரோட இருந்தாங்களா?”

“ஃபைல்ல இல்ல மேடம்.”

“அப்புறம் என்ன ஆனாங்க?”

“ஃபைல்ல இல்ல மேடம். நெறி கத்துக்கிட்டது அந்த ஃபைலைத்தான். எட்டுக்கு அப்புறம் ஒருத்தரும் கண்ணுல படலை. அதனால அதுக்கு எட்டோட எல்லாரும் முடிஞ்சாங்க.”

“ஒன்பதாவது மருந்தை அதால வடிவமைக்க முடியுமா, முடியாதா?”

“டாக்டர் கையெழுத்துப் போட்டா எத்தனையாவது வேணும்னாலும் பண்ணும் மேடம். நோயாளி கடிதத்துல கையெழுத்துப் போட்டாத்தான் ஃபைல் பூட்டும். ஆனா...” என்று இழுத்தாள். “கையெழுத்துப் போடாம யாரும் இருந்ததில்ல.”

போனை வைத்தேன். நாற்பத்தொரு பேரிடம் பேனாவை நீட்டியது என் கை.

ஒன்பதாம் நாள் அர்த்தநாரி வந்தபோது, கேட்டிலிருந்து லிஃப்ட் வரை ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் சிமெண்ட் பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். நான் கண்டுபிடித்ததை அங்கேயே சொன்னேன். எட்டுக் குழி என்றதும் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

“பெட்டியில எடமில்லைன்னு ஆளக் காலி பண்ணியிருக்காங்க பாரு, பூங்கொடி.”

டாக்டர் அன்று ஒரு வழி வைத்திருந்தார். அவரும் தூங்கியிருக்கவில்லை என்று முகம் சொன்னது. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். “பழைய ஃபைல அப்படியே விட்டுடலாம். புது நோயாளின்னு இன்னொரு ஃபைல் போட்டுடறேன். நெறிக்கு நம்பர்தான் தெரியும், ஆளத் தெரியாது. இரத்தத்தப் பாத்து அதுவா சரியான மருந்தக் குடுத்துடும். அதோட கணக்குல அது முதல் ரவுண்டு. யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்கே ஆரம்பிக்கலாம்.”

பூங்கொடி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நானும் உள்ளுக்குள் கும்பிட்டேன்.

“வேண்டாமுங்க,” என்றார் அர்த்தநாரி.

அக்கா கும்பிட்ட கையை இறக்குமுன்னே அவர் தொடர்ந்தார்.

“புதுசா போரு போட்டதா எழுதிப்புட்டா, அறுநூத்துக்குக் கீழ ஒருத்தன் போனது யாருக்குங்க தெரியும்? எனக்கு அடுத்து வர்றவனுக்கும் இந்த அம்மிணி அதே காயிதத்தத்தானே நீட்டும்? ஒம்பதாவதுன்னு எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன்.”

“ஐயா, ஒன்பதாவதுன்னு எழுதினா நான் நெறிய மீறினதா ஆகும். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது என் தலையில விடியும்.”

“என் உசிரு என் தலையில இருக்குதுங்களே. உங்க தலையில அந்தப் பழி கூட வேண்டாமா?”

பூங்கொடி அக்கா அதுவரை பொறுத்தார். “ஏனுங்க, ஊரு நாயம் பேசற நேரமா இது? படிக்கட்டு ஏற முடியல. ராத்திரியெல்லாம் சாஞ்சு உக்காந்துட்டுத் தூங்கறீங்க. மருந்து குடுக்கறேங்கறாரு மனுசன், வாங்கிட்டு வாங்களேன்! அடுத்தவன அடுத்தவன் பாத்துக்குவான்!”

“பாத்துக்க மாட்டான், புள்ள. நாம பாத்துக்கிட்டமா? எட்டாவது வரைக்கும் நாமளும் கம்முனுதான வாங்கிக்கிட்டு இருந்தோம்?”

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சொன்னால் என்ன, அந்த நேரம் எனக்கும் அவர்மீது கடும் கோபம். கண் முன்னால் கிடைக்கும் மருந்தை ஒரு வரி எழுத்துக்காக வேண்டாம் என்கிற மனுசனை என்ன செய்வது? வெளியே வராந்தாவில் அக்காவோடு சேர்ந்து நானும் திட்டினேன். திட்டி முடித்ததும் அக்கா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: “கல்யாணம் ஆன நாளா இப்படித்தான். ஆனா இதுவரைக்கும் ஒருத்தன் தோட்டத்தையும் பாதியில உட்டுட்டு வந்ததில்ல.”

அன்றிலிருந்து அவர் தினமும் வந்தார். காலை பத்தரைக்கு வரிசையில் நிற்பார். கையெழுத்து வராததால் நெறி தினமும் அதே கடிதத்தை மறுபடி அச்சடிக்கும். நான் நீட்டுவேன், அவர் திருப்பித் தள்ளுவார். வேறொன்றும் பேசுவதில்லை. பன்னிரண்டாம் நாள் வரிசையில் இருந்தவர்கள் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பதினான்காம் நாள் அவர் சக்கர நாற்காலியில் வந்தார். தள்ளிக்கொண்டு வந்தது பூங்கொடி அக்கா. கடிதத்தை அன்று திருப்பித் தள்ளியதும் அக்காதான்.

நான் என் பங்குக்கு ஒரு வேலையை ஆரம்பித்திருந்தேன். மதிய இடைவேளையில், நான் கடிதம் கொடுத்த நாற்பத்தொரு வீட்டுக்கும் போன் செய்தேன். ‘ஃபைல்ல இல்ல’ என்றாளே, அந்த வரியை நானே எழுதிவிடுவது என்று பிடிவாதம். கடிதம் வாங்கிய பிறகு எத்தனை நாள் இருந்தார்? எத்தனை நாள் நடமாடினார்? எடுத்தவர்களில் சிலர் திட்டினார்கள், திட்டட்டும். சிலர் ஒரு மணி நேரம் பேசினார்கள். முப்பத்தெட்டுப் பேர் இறந்திருந்தார்கள். அதில் பத்தொன்பது பேர், நெறியின் கணக்கில் இல்லாமலே போன பிறகும், மருந்தில்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள்.

அதில் ஒருவர் அந்தியூர் மாரப்பன், ஓய்வுபெற்ற கண்டக்டர். பதினான்கு மாதத்துக்கு முன் நான் கடிதம் கொடுத்தவர். போனை அவரே எடுத்தார். மருத்துவமனையிலிருந்து பேசுகிறேன் என்றதும் மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டார் போலிருக்கிறது.

“ஏனுங்க,” என்றார், “மருந்து வந்துருச்சுங்களா?”

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பதினைந்தாம் நாள் காலை, அந்த நாற்பத்தொரு வரிகளையும் எழுதிய தாளை டாக்டரின் மேசையில் வைத்தேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொருவரையும் அவருக்கு நினைவிருந்தது. அதுதான் அவருடைய கஷ்டம். மாரப்பன் பெயரில் விரல் நின்றது.

“இருக்காரா?”

“இருக்காரு. மருந்து வந்துருச்சான்னு கேட்டாரு, டாக்டர். எட்டுக்கு மேல பூஜ்யம்னு சொன்னமே, அந்தப் பூஜ்யம்தான் என்கிட்ட பேசிச்சு.”

டாக்டர் திரையின் பக்கம் திரும்பினார். நெறியைத் திறந்தார். ‘பரிந்துரைக்கு மாறாகச் செயல்படுகிறீர்கள், முழுப் பொறுப்பும் தங்களுடையது’ என்று சிவப்பில் வந்த எச்சரிக்கையை மூன்று முறை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நெறி பதினோரு நிமிடத்தில் ஒன்பதாவது மருந்தை வடிவமைத்துக் கொடுத்தது. இத்தனைக்கும் அது முரண்டு பிடிக்கவே இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் அது சொல்லவில்லை.

பட்டியலில் வரி இல்லையே? அதை அச்செடுத்து, எட்டாவது வரிக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, 9 என்று எழுதினேன். பெட்டியில் குழி இல்லையே? என் தயிர் டப்பாவைக் கழுவித் துடைத்து, குப்பியை அதில் நிறுத்தி, குளிர் அறையில் பெட்டியின் மேலேயே வைத்தேன்.

முதல் பத்து நாள் கொடுமை. காய்ச்சல், வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள். டாக்டர் இரண்டு வேளையும் வந்து பார்த்துவிட்டு, வராந்தாவில் என் முகத்தைப் பார்க்காமல் போவார். கொன்றுவிட்டோமோ என்று நான் பயந்தேன். அர்த்தநாரி பேசும் தெம்பு வந்த அன்று சொன்ன முதல் வார்த்தை, “பாறை கெட்டிதானுங்க. பிட்டு சரியாத்தான் போட்டிருக்கறீங்க.”

ஐந்தாவது வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. ஆறாவது வாரம் கேட்டிலிருந்து லிஃப்ட் வரை நடந்தார். சிமெண்ட் பெஞ்சைப் பார்த்து ஒரு முறைப்பு வேறு.

அடுத்த வாரம் நான் இன்னொரு நோயாளிக்காக நெறியைத் திறந்தேன். அவருக்கும் எட்டு முடிந்திருந்தது. கடிதம் வரும் என்று காத்திருந்தால், ‘ஒன்பதாவது ரவுண்டு: வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு நூறு’ என்று வந்தது. முட்டாள் மெஷின். நேற்றுவரை பூஜ்யம், இன்று நூறு! அதற்குத் தெரிந்த ஒன்பதாவது ஆள் ஒரே ஒருவர், அவர் நடந்துகொண்டிருக்கிறார், அதனால் நூறு. நான் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன். பிறகு ஆட்கள் கூடக் கூட அந்த எண் இறங்கி, முப்பத்தெட்டில் வந்து நின்றது. முப்பத்தெட்டு ஒன்றும் பெரிய எண் இல்லை. அரை இன்ச்சுத் தண்ணி.

பூட்டியிருந்த பழைய ஃபைல்களைத் திறக்கச் சொல்லி டாக்டர் கையெழுத்துப் போட்டதும், முதலில் அந்தியூருக்குத்தான் போன் செய்தேன். “வந்துருச்சுங்க,” என்றேன். மாரப்பன் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து, நான் ஜன்னலைத் திறக்குமுன் அங்கே நின்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஒன்பதாவது அர்த்தநாரிக்கு ஏழு மாதம் வந்தது. பத்தாவது ஐந்து. பதினொன்றாவது நான்கு. அந்தப் பதினாறு மாதத்தில் பேத்திக்குக் காது குத்தினார், பூங்கொடி அக்காவோடு பழனிக்குப் போய்வந்தார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் தயிர் டப்பாவை விசாரித்தார். பெட்டிகளை மாற்றிவிட்டார்கள். இப்போது குழியே இல்லாத தட்டையான தட்டு. நெறியின் பட்டியலுக்கும் கடைசி வரி என்று ஒன்று இல்லை. நிறைவுக் கடிதம் அச்சடித்தே ஒரு வருடமாகிறது.

பதினொன்றாவதும் பழகிப்போனது என்று இரத்தம் சொன்ன நாள், டாக்டர் இளம்பரிதி திரையை உற்சாகமாக எங்கள் பக்கம் திருப்பினார். “ஐயா, முந்தின ரவுண்டுகள வச்சு நெறி பன்னிரண்டாவதுக்கு அறுபத்து நாலுன்னு கணிச்சுச் சொல்லுது! இவ்வளவு தூரம் வந்தவங்க இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான். நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்.”

அர்த்தநாரி அப்போது நாற்பத்தொரு கிலோ. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வேண்டாமுங்க. நிறுத்திக்கலாம்.”

“அறுபத்து நாலுங்க!”

“இருக்கட்டுமுங்க. ரண்டு வருசமா எதத் தின்னாலும் நாக்குல இரும்புதான் தெரியுது. பிட்டக் கடிக்கிற மாதிரி. மருந்த நிறுத்தினா மூணு வாரத்துல ருசி திரும்பும்னு இந்த அம்மிணிதான் சொல்லுச்சு. இவ வைக்கற கறிக்கொழம்ப ருசி தெரிஞ்சு பத்து நாளு திங்கோணும்.”

“தண்ணி இருக்குன்னு தெரிஞ்சும் நிறுத்தறீங்களே?” டாக்டரின் குரலில் மன்றாட்டு இருந்தது.

“தண்ணி இருக்குதோ இல்லையோ, நிறுத்தச் சொல்றது தோட்டத்துக்காரருதானுங்க. அன்னைக்கும் அதத்தான் சொன்னேன்.”

பூங்கொடி அக்கா இந்த முறை சண்டை போடவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் என் இடத்துக்குப் போய் ஃபைலை மூடப் பார்த்தேன். நெறி விடவில்லை. ‘வாய்ப்பு ஐம்பதுக்கு மேல் உள்ள நிலையில் நிறைவுக் கடிதம் வழங்க இயலாது. பன்னிரண்டாம் ரவுண்டுக்கான இரத்தம் எப்போது?’ என்று கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. பன்னிரண்டுக்கு அதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். முன்பு இவரைத் துரத்தியது, இப்போது இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு முறையும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் மேசையின் அடி டிராயரைத் திறந்தேன். இரண்டாக மடித்த அந்த முதல் கடிதம் அங்கேதான் இருந்தது. ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. ஜன்னல் வழியாக நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் நாள் படித்த அதே நிதானத்தோடு படித்தார். பிறகு பேனா கேட்டார். ‘சிகிச்சைப் பயணம் நிறைவுற்றது’ என்பதையும், அந்த நன்றியையும், குறுக்கே ஒரே கோடாக அடித்தார். ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதையும் அடித்தார். அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதினார்:

‘நிறுத்தச் சொன்னது சி. அர்த்தநாரி, தோட்டத்துக்காரர்.’

“காலிக் குப்பி?” என்றார். பதினொன்றாவதைக் கொடுத்தேன். பூங்கொடி அக்கா அதைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

அவர்கள் கேட்டைத் தாண்டியதும் கடிதத்தை நெறிக்கு அனுப்பினேன். ‘அங்கீகரிக்கப்படாத வாசகம்’ என்று திருப்பி அனுப்பியது. மறுபடி அனுப்பினேன். திருப்பியது. மூன்றாவது முறையும் அப்படித்தான்.

அடுத்த நாள் காலை பத்தரைக்கு, ஜன்னலைத் திறந்ததும் முதல் வேலையாக, நான்காவது முறை அனுப்பினேன். இன்றுவரை தினமும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.